முப்பது ஆண்டு காத்திருந்த அம்மை

எனக்கு அம்மை போட்டது 1988ஆம் ஆண்டு கோடை விடுமுறையில். வயது எட்டு. திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகி, கூடத்தில் வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் வேப்பிலை பரப்பி என்னைப் படுக்க வைத்திருந்தார்கள். அம்மா மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. "உடம்பெல்லாம் முத்து போட்டுக்க தாயே, கண்ணுல மட்டும் போட்டுடாத." மூன்றாவது தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகு, சமயபுரம் போய் வெள்ளிக் கண்மலர் வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் அப்பாயிக்கு ஒரு கண்ணில் பூ விழுந்து வெளுத்திருக்கும். சிறு வயதில் பெரியம்மை கொண்டுபோன கண். அந்தத் தலைமுறையில் எல்லா ஊரிலும் அப்படி நாலு பேர் இருந்தார்கள். பெரியம்மை கருவிழியில் புண்ணாக்கி, ஆறும்போது தழும்பாக்கிவிடும். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975இல். 1977இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. நோய் போன பிறகும் பயம் போகவில்லை. எனக்கு வந்தது சின்னம்மை. இரண்டும் வேறு வேறு குடும்பத்து வைரஸ்கள் என்பது அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. தமிழில் இரண்டுமே அம்மைதான். சின்னம்மை கண்ணைக் கெடுப்பது அபூர்வம் என்று பிற்பாடு படித்தபோது, அம்மாவின் வேண்டுதலை நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

2018 அக்டோபரில் அந்தச் சிரிப்பு அடங்கியது.

தில்லியில் வேலை. ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் தருவது, இடையிடையே சொந்தமாகச் செய்தி சேகரித்து எழுதுவது. தமிழ் முதுகலை படித்தவளுக்குத் தலைநகரில் கிடைக்கக்கூடிய வேலை இவ்வளவுதான், குறையில்லை. ஒரு நாள் இடது கண் லேசாகச் சிவந்தது. புருவத்துக்கு மேலே மந்தமாக ஒரு வலி. பக்கத்து கிளினிக்கில் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஸ்டீராய்டு கலந்தது என்று பெட்டியின் மேலேயே போட்டிருந்தது. மூன்றே நாளில் சிவப்பு குறைந்தது. வலியும் குறைந்தது. டாக்டர் கைராசிக்காரர் என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிக்கூட வைத்தேன்.

ஐந்தாம் நாள் காலையில், மேஜைமீது இருந்த வெள்ளைத்தாளின் மேல் ஒரு கொசு பறந்தது. கையால் விரட்டினேன். போகவில்லை. கண்ணை நகர்த்திய பக்கமெல்லாம் கூடவே வந்தது. மத்தியானத்துக்குள் நாலைந்து. கண்ணுக்குள் மிதக்கும் இந்தப் புள்ளிகளுக்கு மருத்துவ லத்தீனில் 'பறக்கும் ஈக்கள்' என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. லத்தீன்காரர்களுக்கு ஈ, தில்லிக்காரிக்குக் கொசு. அது டெங்கு சீசன் வேறு.

கொசுவுக்காக யார் டாக்டரிடம் போவார்கள்? நான் போகவில்லை. இதழ் முடிக்கிற வாரம். எட்டாம் நாள் இடது பக்க ஓரம் முழுவதும் புகை மூட்டமாகிவிட்டது. சாலையைக் கடக்கும்போது அந்தப் பக்கம் வந்த ஆட்டோ தெரியவில்லை. ஆட்டோக்காரர் திட்டிவிட்டுப் போனார். அலுவலகத்தில் ஒரு தோழி பிடிவாதமாகக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். கிளினிக்கைக் குறை சொல்ல எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, அந்த மூன்று நாளை வீணாக்கியதற்கு என்னைக் குறை சொல்லவும் அவ்வளவு உரிமை இருக்கிறது.

பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டு, முக்கால் மணி நேரம் கண்ணை மூடி உட்காரவைத்தார்கள். பிறகு ஓர் இளம் டாக்டர், சுரங்கத் தொழிலாளி மாதிரி தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸுடன் குனிந்தார். மேலே பாருங்கள், கீழே பாருங்கள், இடது பக்கம். இடது பக்கம் பார்த்தபோது அவர் பேச்சு நின்றது. எழுந்து போய்ப் பெரிய டாக்டரை அழைத்து வந்தார். அவரும் பார்த்தார். விழித்திரையின் ஓரத்தில் வெளுத்த மஞ்சள் திட்டுகள், ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு நடுப்பக்கம் நோக்கி வருகின்றன, ரத்தக் குழாய்கள் அழற்சியில் அடைபட்டிருக்கின்றன என்றார். இன்றே அட்மிட் ஆக வேண்டும்.

"நாளைக்குக் காலையில் வரட்டுமா டாக்டர்? ஒரு கட்டுரை பாக்கி இருக்கிறது."

"வரலாம் மேடம். நாளைக்குக் காலையில் இது எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது."

நோயின் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டினார். மூன்று ஆங்கிலச் சொற்கள். தொழில் புத்தி விடவில்லை. மனசுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்தேன். திடீர் விழித்திரைத் திசு அழிவு. 'அழுகல்' என்று போடலாமா? என் கண்ணைப் பற்றி எழுத அந்தச் சொல் வரவில்லை. 'அழிவு' என்றே வைத்துக்கொண்டேன்.

விழித்திரை என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுவது. லத்தீன் வேர்ச்சொல் வலையைக் குறிப்பது. நாம் திரை என்றோம். சினிமாத் திரைபோலப் படம் வந்து விழுகிற இடம் என்ற பொருளில் யாரோ வைத்தது, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் திரைக்கு உயிர் கிடையாது. கிழிந்தால் வேறு கட்டிக்கொள்ளலாம். விழித்திரையோ மூளையின் ஒரு துண்டு. கரு வளரும்போது மூளையிலிருந்து முன்னே நீண்டு வந்து கண்ணுக்குள் விரிந்தது. அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்தப் படலத்தில், மங்கிய ஒளியில் பார்க்கச் சுமார் 12 கோடி செல்களும், நிறத்தையும் நுணுக்கத்தையும் பார்க்கச் சுமார் 60 லட்சம் செல்களும் இருக்கின்றன. அவை திரட்டுவதை எல்லாம் சுமார் 10 லட்சம் நரம்பு இழைகள் மூளைக்குக் கொண்டுபோகின்றன. தோலில் காயம் பட்டால் புதுத் தோல் வரும். இதில் செத்த செல் செத்ததுதான். வைரஸ் தொற்று விழித்திரைக்குப் போவதில் உள்ள ஆபத்து முழுவதும் இதுதான். தொற்று அடங்கும், இடம் திரும்பாது.

இந்த நோயை முதலில் விவரித்தவர் ஜப்பானில் உராயாமா என்ற கண் மருத்துவர். 1971இல் தானும் சகாக்களும் பார்த்த ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். எல்லோரும் மற்றபடி ஆரோக்கியமானவர்கள். ஏன் வருகிறது என்று அப்போது தெரியவில்லை. 1982இல் அமெரிக்காவில், இந்த நோயால் பார்வை போய் அகற்றப்பட்ட ஒரு கண்ணை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோதுதான் விழித்திரைச் செல்களில் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸைக் கண்டார்கள். அந்தக் குடும்பத்தில் முக்கியமான குற்றவாளிகள் இரண்டு. ஒன்று, உதட்டோரம் கொப்புளம் போடுகிற ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். மற்றொன்று, சின்னம்மை வைரஸ்.

என் கண்ணின் முன்பகுதியிலிருந்து ஒரு சொட்டு நீரை நுண்ணிய ஊசியால் எடுத்து, பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பினார்கள். (அப்போது அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கொரோனா வந்து எல்லோரையும் படிக்கவைத்தது.) முடிவுக்குக் காத்திராமல் மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. சின்னம்மை வைரஸ்.

1988இல் வேப்பிலையில் படுத்திருந்தபோது உடம்பைவிட்டுப் போனதாக நாங்கள் நினைத்த அம்மை போகவே இல்லை. யாருக்குமே போவதில்லை. கொப்புளம் ஆறியதும் அது நரம்பு வழியே உள்ளே போய், முதுகுத்தண்டை ஒட்டியும் மூளைக்கு அடியிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் சத்தமில்லாமல் தங்கிவிடுகிறது. பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு விழித்துக்கொள்ளும். விலாவில் ஒரு பக்கமாகப் பட்டையாகக் கொப்புளம் போட்டால் அக்கி என்கிறோம். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வந்தால் கண்ணுக்கு ஆபத்து என்று டாக்டர்கள் எச்சரிப்பார்கள். எனக்கு வெளியே ஒரு கொப்புளம்கூட இல்லை. நேரே உள்ளே வந்துவிட்டது.

அம்மாவுக்கு போனில் எப்படிச் சொல்வது? அக்கி என்றேன்.

"அக்கியா? இதுக்கு ஏன்டி ஆஸ்பத்திரி? இங்க வந்தா வேளார் வீட்டுல செங்காவில எழுதிக்கலாமே."

"கண்ணுக்குள்ளம்மா."

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "கண்ணுக்குள்ளயா?" என்றாள். மறுபடியும் பதில் இல்லை. எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் மண்பாண்டம் செய்கிறவர்கள் காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கம் எழுதுவார்கள். அப்பாவுக்கு எழுதி நானே பார்த்திருக்கிறேன். கண்ணுக்குள் எங்கே சிங்கம் எழுதுவது என்று அம்மா யோசித்திருப்பாள். மூன்றாம் நாள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினாள், கையில் சமயபுரம் விபூதியுடன்.

சிகிச்சை இப்படி. அசைக்ளோவிர் என்ற மருந்தை, உடல் எடைக்குக் கணக்கிட்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் மெதுவாக நரம்பில் ஏற்றுவார்கள். சிறுநீரகத்தைப் பாதிக்காமல் இருக்கத் தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். கூடவே கண்ணுக்குள்ளேயே கான்சிக்ளோவிர் ஊசி. கண்ணில் ஊசி என்றதும் எனக்குக் கால் நடுங்கியது உண்மை. மரத்துப்போக மருந்து விட்டு, இமையைக் கிளிப்பால் விரித்துப் பிடித்து, கருவிழியின் விளிம்பிலிருந்து நாலு மில்லிமீட்டர் தள்ளி வெள்ளை விழியில் குத்துகிறார்கள். ஓர் அழுத்தம், அவ்வளவுதான். வரிசையில் காத்திருந்த கால் மணி நேரம்தான் கொடுமை.

அசைக்ளோவிர் கெட்டிக்கார மருந்து. ஆரோக்கியமான செல்லுக்குள் போனால் ஏறக்குறைய சும்மா கிடக்கும். வைரஸ் புகுந்த செல்லில், அந்த வைரஸின் சொந்த நொதியே இதைத் தட்டி எழுப்பிவிடுகிறது. எழுந்ததும், வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கிற மரபுச் சங்கிலியில் போய் உட்கார்ந்து மேற்கொண்டு கண்ணி சேராமல் அடைத்துவிடும். இந்த வகை மருந்துகளுக்கு வழி அமைத்த கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது, மேலும் இருவரோடு. முனைவர் பட்டம் முடிக்காமலே அந்த இடத்துக்கு வந்த பெண்மணி. எனக்கு அம்மை போட்ட அதே ஆண்டு என்பதை டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் ஒன்று. பிரதியெடுப்பதைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. நரம்பு முடிச்சில் தூங்குவதை ஒன்றும் செய்யாது. அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

கிளினிக்கில் கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு பற்றிக் கேட்டேன். வைரஸை அடக்கும் மருந்து இல்லாமல் ஸ்டீராய்டு மட்டும் போனால், வீக்கம் குறைந்து வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வைரஸுக்குக் கதவு திறந்துவிட்டதுபோல் ஆகும் என்றார் டாக்டர். அதே ஸ்டீராய்டை இரண்டு நாள் கழித்து அவரும் மாத்திரையாகக் கொடுத்தார். இந்த முறை காவலுக்கு அசைக்ளோவிர் இருந்தது. மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு சொட்டு வாங்கிக் கண்ணில் விட்டுக்கொள்கிறவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்! கண் சிவந்தால் 'மெட்ராஸ் ஐ' என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு, கூடவே மிதக்கும் புள்ளிகள், மங்கல் என்றால், அன்றைக்கே பாப்பாவை விரித்து விழித்திரையின் ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். டார்ச்சில் அந்த ஓரம் தெரியாது.

எச்.ஐ.வி. சோதனைக்கும் கையெழுத்து வாங்கினார்கள். ஆலோசகர் பெண் மிகவும் தயங்கித் தயங்கிப் பேசினாள். உடம்பின் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இதே வைரஸ் இன்னும் வேகமாக, வலியும் சிவப்பும் இல்லாமலே விழித்திரையைத் தின்றுவிடுமாம். ஆகவே தெரிந்துகொண்டாக வேண்டும். எனக்கு இல்லை என்று வந்தது. வராண்டாவில் எனக்குப் பக்கத்தில் ஊசிக்குக் காத்திருந்த பிகார் இளைஞனுக்கு இருந்தது. சைட்டோமெகலோ என்கிற, அதே ஹெர்பிஸ் குடும்பத்தின் இன்னொரு வைரஸ் அவன் இரண்டு கண்களிலும். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் இந்த வைரஸ் தொந்தரவு செய்யாமல் இருக்கிறது. எச்.ஐ.வி. முற்றி, சி.டி.4 எண்ணிக்கை 50க்குக் கீழே போகும்போதுதான் விழித்திரைக்கு வருகிறது. 1996க்கு முன்பு, கூட்டு மருந்துகள் வராத காலத்தில், மேலைநாடுகளில் எய்ட்ஸ் நோயாளிகள் பலர் சாவதற்கு முன் குருடானார்கள். இந்தியாவில் 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தருகிறது. சரியான நேரத்தில் வந்தவர்களுக்கு இந்தக் கதி வருவதில்லை. அந்த இளைஞன் ஊரில் சொல்ல முடியாமல் இரண்டு ஆண்டு ஒளித்தவன். எனக்குக் குளுக்கோஸ் பிஸ்கட் கொடுத்தான். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியாமல் கொஞ்சம் தள்ளி நீட்டினான்.

படுத்திருந்த நாட்களில் பழைய தப்பு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. 2006இல் சிக்குன்குனியா நாட்டைப் புரட்டிப்போட்டபோது நான் இந்தத் தொழிலுக்குப் புதிது. அரசுக் கணக்கிலேயே அந்த ஆண்டு 13 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்தக் காய்ச்சல் வந்ததாகச் சந்தேகம். 'மூட்டு வலிதான், வேறு பயமில்லை' என்று ஒரு பெட்டிச் செய்தியில் எழுதினேன். மொழிபெயர்ப்புகூட இல்லை, சொந்த வாக்கியம். அடுத்த ஆண்டே, காய்ச்சல் போய்ச் சில வாரம் கழித்துப் பார்வை மங்கி வந்தவர்களின் விழித்திரையில் அழற்சி இருந்ததைப் பற்றித் தென்னிந்தியக் கண் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதினார்கள். பெரும்பாலோருக்குப் பார்வை திரும்பியது என்பது ஆறுதல். ஆனால் என் பெட்டிச் செய்தியைப் படித்துவிட்டு, பார்வை மங்கியதைக் காய்ச்சலின் களைப்பு என்று விட்டவர் யாராவது இருந்திருப்பாரா? அந்த வாக்கியத்தைத் திருத்தி யாரும் எதுவும் போடவில்லை. நானும் போடவில்லை.

டெங்குவும் இதைச் செய்யும். எதிர்க்கட்டிலில் கல்லூரி மாணவி ஒருத்தி இருந்தாள். காய்ச்சல் தொடங்கி ஒரு வாரத்தில், தட்டணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிய சமயம், யார் முகத்தைப் பார்த்தாலும் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பழுப்பாக ஒரு கறை. ஓரமெல்லாம் தெரிகிறது. எனக்கு நேர் எதிர். எனக்கு ஓரம் போய் நடு மிஞ்சியிருந்தது. "தீதி, நாம ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழுக் கண்" என்றாள். அவளுக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தெளிந்தது. மேற்கு நைல் வைரஸ், குழந்தை கருவிலிருக்கும்போதே தாக்கும் ருபெல்லா, பிரேசிலில் 2015இல் ஜிகா என்று பட்டியல் நீளமானது. ருபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு, அரசே போடுகிறது. கொசுவுக்குத்தான் நாம் இன்னும் கையைத் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

கண்ணுக்கு ஏன் இப்படி? கண் தனக்குள் சண்டை நடப்பதை விரும்பாத உறுப்பு. எதிர்ப்புச் செல்கள் உள்ளே புகுந்து கலவரம் செய்தால் பார்வை போய்விடும் என்பதால், உடம்பு அங்கே காவலைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். வைரஸுக்கும் அது வசதி. 2014இல் எபோலாவிலிருந்து பிழைத்த அமெரிக்க டாக்டர் இயான் குரோஜியருக்கு, ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிய பிறகு, கண்ணுக்குள் உயிரோடு எபோலா இருந்தது. நீலக் கண் பச்சையாக மாறிவிட்டது. பிறகு குணமானார்.

மறு கண்தான் என் பயம். சிகிச்சை இல்லாவிட்டால் மூன்றில் ஒருவருக்காவது இன்னொரு கண்ணுக்கும் வரும், பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள், என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். அது எப்படிக் கண்ணிலிருந்து கண்ணுக்குப் போகிறது என்பதற்கு 1924லேயே ஜெர்மனியில் வான் சிலி முயல்களில் ஒரு சோதனை செய்திருக்கிறார். ஒரு கண்ணின் முன்பகுதியில் ஹெர்பிஸ் வைரஸைச் செலுத்தினால், சில நாளில் அடுத்த கண்ணின் விழித்திரை அழிகிறது. நரம்பு வழியே மூளைக்குப் போய், அங்கிருந்து மறு கண்ணுக்கு இறங்குகிறது. இதைப் படிக்காமல் இருந்திருக்கலாம். ராத்திரியில் விழிப்பு வரும்போதெல்லாம் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் டிரிப்ஸ் பாட்டிலின் லேபிளைப் படிப்பேன். உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, லாட் எண். அடியில் இருந்த பொடி எழுத்துவரை படித்த பிறகுதான் தூக்கம். மொழிபெயர்ப்பாளரிடம் கண்ணை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அகராதியைத் தடவிப் பார்க்க முடியாது.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வாலாசைக்ளோவிர் ஒரு கிராம் மாத்திரை, நாளுக்கு மூன்று, மூன்று மாதம். வலது கண்ணுக்கு வரவில்லை. திட்டுகள் நடுப்பகுதிக்குச் சற்று முன்பே நின்றுவிட்டன. வைரஸ் அடங்கியது. தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் இந்த நோய் விட்டுப்போகிற இடத்தில் விழித்திரை பழைய வேட்டிபோல் இற்றுப்போய், பொத்தல் பொத்தலாக இருக்கும். கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி இழுக்கும்போது கிழியும். பாதிப் பேருக்கு இப்படி விழித்திரை பிரிந்துவிடுகிறது, அதுவும் நோய் ஆறிவரும் மாதங்களில். டிசம்பர் இரண்டாம் வாரம் இடது கண்ணின் கீழிருந்து கறுப்பாக ஒன்று எழும்பியது. இந்தத் தடவை நான் எந்தக் கட்டுரையையும் முடிக்கக் காத்திருக்கவில்லை. மாவுக் கையோடு ஆட்டோ பிடித்தேன்.

அறுவையில் கூழை அகற்றி, விழித்திரையை ஒட்டவைத்து, லேசரால் ஓரம் தைத்து, அது மறுபடி பிரியாமல் இருக்கக் கண்ணுக்குள் சிலிக்கான் எண்ணெய் நிரப்பினார்கள். வாயு நிரப்பினால் அது கரையும்வரை விமானத்தில் போகக்கூடாது, எண்ணெய்க்கு அந்தத் தடை இல்லை என்றார்கள். எனக்கு விமானத்தில் எங்கே போகவேண்டியிருந்தது? ஒரு வாரம் குப்புறப் படுக்க வேண்டியிருந்தது. ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து ஆங்கிலத்தைப் படிப்பாள். நான் தலையணையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொல்வேன். போனில் பதிவாகும். அலுவலகத்தில் ஒரு நண்பர் கேட்டுத் தட்டச்சு செய்தார். அந்த வாரம் வந்தது மத்திய பட்ஜெட்டை எதிர்பார்த்து ஒரு கட்டுரை. "நிதிப் பற்றாக்குறைன்னா என்னம்மா?" என்று வாக்கியத்துக்கு வாக்கியம் கேட்டாள். அவளுக்குப் புரியும்படி சொல்லிச் சொல்லி, நான் செய்த பட்ஜெட் மொழிபெயர்ப்புகளில் அதுதான் தெளிவானது என்று ஆசிரியர் சொன்னார். பாராட்டா, பழைய மொழிபெயர்ப்புகளைப் பற்றிய புகாரா, கேட்கவில்லை.

2019 ஆகஸ்டில் எண்ணெயை எடுத்தார்கள். இடது கண்ணால் இப்போது எழுத்துப் பலகையின் மேல் இரண்டு வரி தெரியும். படிக்க உதவாது. மாடிப்படி இறங்கும்போது கடைசிப் படி எங்கே என்று கால்தான் சொல்கிறது. டம்ளரில் காபி ஊற்றினால் விளிம்பில் டபராவைத் தொட்டுக்கொண்டுதான் ஊற்றுகிறேன். இடது பக்கம் வந்து நிற்பவர்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்திருக்கலாம். மற்றபடி வேலை நடக்கிறது, வலது கண்ணால். அதற்குப் பின் மகளுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டுவிட்டேன். அது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை, காசு கொடுத்துத்தான் போடவேண்டும். அக்கிக்கான தடுப்பூசியும் 2023இலிருந்து இங்கே கிடைக்கிறது, 50 வயதைக் கடந்தவர்களுக்கு. அம்மாவுக்குப் போடலாம் என்றேன். விலையைக் கேட்டுவிட்டு, "எனக்கு எதுக்குடி, நான் பாத்தது போதும்" என்கிறாள். விடுவதாக இல்லை.

எண்ணெய் எடுத்த மாதமே அம்மா சமயபுரம் போனாள். கடையில் ஒற்றைக் கண்மலர் விற்பதில்லையாம், ஜோடியாகத்தான் தருவார்களாம்.

"ஒரு கண்ணுக்குத்தானேம்மா வேண்டிக்கிட்டே?" என்றேன் போனில்.

"யாரு சொன்னா? நான் வேண்டிக்கிட்டது அந்த இன்னொரு கண்ணுக்கு" என்றாள்.